குச்சுக்கு ஒரு ஜன்னல்

8-6-56 வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்து ஐந்து நாள். ஒரு நாள் கூடப் பிள்ளைகள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. திங்கள் திம்மராயன் பலப்பத்தைத் தேடினான். செவ்வாய் ஜோதியின் பாவாடை காயவில்லை. புதன் என் மருமகள் களி கிண்டி முடிக்கவில்லை. நேற்றும் இன்றைக்கும் யாரைக் குற்றம் சொல்வது என்றே தெரியவில்லை. எல்லாரும் வீட்டில்தான் இருந்தோம், ஆனாலும் மணி அடித்த பிறகுதான் போனார்கள்.

ஜோதி எட்டாவது. வருஷக் கடைசியில் ஓசூரில் சர்க்கார் பரீட்சை. அதில் தேறினால்தான் அங்கே ஹைஸ்கூல். நம் வீட்டில் இதுவரை அஞ்சாவதைத் தாண்டினவர் இல்லை. அந்த அஞ்சாவதும் நான்தான்.

அடுப்புக்கரி எடுத்து சமையல்கட்டுச் சுவரில் நேரப் பட்டியல் எழுதினேன். யார், எப்போது, என்ன. என் எழுத்து இன்னும் குண்டு குண்டாகத்தான் இருக்கிறது. மகன் கிருஷ்ணப்பன் வாசற்படியில் நின்று பார்த்தான்.

“என்னம்மா, பஸ் ஸ்டாண்டாட்டம் எழுதி வெச்சிருக்கற?”

“பஸ்ஸு நேரத்துக்குக் கிளம்புதில்ல? உன் புள்ளைங்கதான் கிளம்பறதில்ல.”

12-6-56

ரெண்டு பேரும் மணிக்கு முன்னால். சுவருக்குப் பொட்டு வைக்கலாம்.

22-8-56 புதன்

பட்டுப்புழு இறக்கியாயிற்று. ஓசூரிலிருந்து முட்டை அட்டை வந்து, பின்னறையில் தட்டு அடுக்கி, கதவில் வேப்பிலை கட்டினோம். இனி ஒரு மாதம் அது புழு வீடு. ஒரு கூடு இறங்கினால் அடுத்த அட்டை வரும். புகையிலை தொட்ட கை உள்ளே போகக் கூடாது. தாளிக்கிற நெடி போகக் கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண்கள் வாசலோடு சரி.

நாளுக்கு நாலு தடவை மல்பெரி இலை நறுக்கிப் போட வேண்டும். புழு நாலு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு ஒரு வாரம் பெருந்தீனி. அப்போது ஒரு வேளை தவறினாலும் கூடு மெலிந்துவிடும்.

பட்டியலில் நாலு வரி கூட்டினேன். எங்கெங்கே ஆள் இல்லையோ அங்கெல்லாம் ஜோதி பேரைப் போட்டேன். கெட்டிக்காரி. ஒரு தடவை சொன்னால் போதும்.

3-9-56

வீடு கடிகாரம் மாதிரி ஓடுகிறது. பக்கத்து வீட்டு மாரம்மா சுவரைப் பார்க்கவே வந்தாள். வாசிக்கத் தெரியாதவள், ஆனாலும் முழுக்கப் பார்த்தாள். “எல்லாருக்கும் வேலை வெச்சுட்டியே, உனக்கு என்னக்கா வேலை?” என்றாள். எழுதறதுதான்டி என்றேன்.

21-12-56 வெள்ளி

தீர்த்தகிரி வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அரைப்பரீட்சையில் ஜோதிக்குக் கணக்கில் இருபத்தெட்டு.

“பொண்ணு கணக்கு நேரத்துல தூங்குதுங்க. தெரியாம இல்ல. கண்ணு நிக்கல.”

எனக்குக் கோபம் வந்தது. எங்க வீட்ல எல்லாத்துக்கும் நேரம் இருக்குதுங்க, வாங்க காட்டறேன் என்று சமையல்கட்டுக்கே கூட்டிப்போனேன். அவர் மேலிருந்து கீழே வரை நிதானமாக வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“இதுல ஜோதிக்குப் படிக்கற நேரம் எதுங்க?”

பார்த்தேன். காலை அஞ்சு, இலை, ஜோதி. ஆறு, சாணி, ஜோதி. திம்மராயனுக்கு ஆறிலிருந்து ஏழு வரை படிப்பு. சாயங்காலம் அஞ்சு, இலை, ஜோதி. ஏழு, பாத்திரம், ஜோதி. ஒன்பது, இலை, ஜோதி.

என் கையெழுத்துதான். குண்டு குண்டாக.

வாத்தியார் காப்பி குடித்துவிட்டுப் போனார். நான் மறுபடி சுவர்முன் போய் நின்றேன். நாலு மாசமா தினம் பாத்துக்கிட்டு இருந்த சுவரு. எப்படித் தெரியாமப் போச்சு?

22-12-56

சாணி போட்டு மெழுகி, சுவரு காய்ந்ததும் புதிதாக எழுதினேன்.

“காலைல அஞ்சு மணி இலைக்கு என் பேரு இருக்குது,” என்றான் கிருஷ்ணப்பன்.

“ஆமாம்.”

“நான் ஏர் பூட்ட வேண்டாமா?”

“ஏரு ஆறரைக்குத்தானே? மாடு கூட அதுவரைக்கும் தூங்கறதில்ல.”

பூவம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மருமகள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று.

பாத்திரம் கழுவ திம்மராயன். முகத்தை மூன்று முழம் நீட்டினான். நீட்டட்டும்.

4-3-57 திங்கள்

பரீட்சைத் தேதி வந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி திங்கள், ஓசூரில், ஐந்து நாள்.

விரல் விட்டு நாள்களை எண்ணிப் பார்த்தேன். இந்தத் தடவை முட்டை அட்டை வாங்கும்போது நான் எண்ணவில்லை. பெருந்தீனி பதினெட்டாம் தேதி தொடங்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் முழுக்க. எல்லாருக்கும் நேரம் சொல்கிறவள் நான். பதினைந்து மூங்கில் தட்டு நிறையப் புழு ஊர்கிறது, இனி திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

யார் கையும் மிச்சமில்லை. ஆனாலும் ஜோதியை இழுக்க மாட்டேன்.

14-3-57 வியாழன்

பதினொரு மணிக்கு ஜோதி பையோடு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. புரிந்தது. பூவம்மாள் ஓடிப்போய்ப் பழைய பாயை விரித்துத் தனியாக உட்காரவைத்தாள்.

“அவ்வா, நான் இனிமே புழு வீட்டுக்குள்ள போகக் கூடாதா?”

“முடியற வரைக்கும் கூடாது.”

“பரீட்சைக்கு?”

தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன். தாய்மாமனுக்கு ராயக்கோட்டைக்கு ஆள் போயிருக்கிறது.

15-3-57

கோவிந்தப்பன் பச்சை ஓலையோடு வந்து இறங்கினான். பூவம்மாளின் அண்ணன். நல்லவன்தான், குரல்தான் பெரிசு. முற்றத்தில் குச்சு கட்ட ஆரம்பித்தான்.

“பதினாறு நாள் அத்தை. எங்க பக்கம் அதுதான் வழக்கம். சீர்வரிசைக்கும் எனக்கு நாளு வேணும்.”

“பன்னெண்டாம் நாள் அவளுக்குப் பரீட்சை.”

“இனிமே என்ன பரீட்சை? இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு. எம் மகன் ஓடியா போறான்?”

கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்தான். பூவம்மாள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு என் குச்சு ஞாபகம் வந்தது. அஞ்சாவது முடித்த வருஷம். பதினாறு நாள். உள்ளே அவ்வளவு இருட்டு. பொழுது போகாமல் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்லிக்கொண்டே கிடந்தேன். வெளியே வந்தபோது என் புத்தகங்களை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். யாருக்கு என்று நான் கேட்கவும் இல்லை.

எழுந்து போய் கோவிந்தப்பனிடம் சொன்னேன்: “மேக்குப் பக்கமா ஒரு ஜன்னல் வை.”

“குச்சுக்கு ஜன்னலா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க அத்தை.”

“சிரிக்கறவங்களை என்கிட்ட அனுப்பு.”

முணுமுணுத்துக்கொண்டே ஓலையைச் சதுரமாக அறுத்து, மூங்கில் சிம்பு நாலு குறுக்கே வைத்துக் கட்டினான். நல்ல ஜன்னல். மாலை வெயில் நேராகப் பாய் மேல் விழுகிறது. பாய் மேல் புத்தகங்களை நானே வைத்தேன்.

16-3-57 சனி

இன்றைக்குக் காலையில் ஒன்று கண்டுபிடித்தேன். குச்சுக்குள் இருக்கிறவளை யாரும் தொடக் கூடாது. அவள் யாரையும் எதையும் தொடக் கூடாது. அப்படியென்றால் அவளை யாரும் வேலை ஏவவும் முடியாது!

பூவம்மாள் பழக்கதோஷத்தில் “ஜோதி, அந்தச் சொம்பை...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கிருஷ்ணப்பன், “சும்மாதானே உக்காந்திருக்கறா, அரிசில கல்லாவது பொறுக்கட்டுமே,” என்றான். தீட்டு என்றேன்.

நான் வழக்கத்தை மீறவில்லை. கடைப்பிடிக்கிறேன். முழுக்க.

சுவரில் ஜோதி பேருக்கு நேரே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சொல்தான்: படிப்பு.

19-3-57

பெருந்தீனி. பின்னறையில் புழு தின்கிற சத்தம் ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி. இலை வெட்ட, சுமக்க, நறுக்க, போட. நானும் பூவம்மாளும் கிருஷ்ணப்பனும். இடுப்பு விட்டுப் போகிறது. கோவிந்தப்பன் ஊருக்குக் கிளம்பினான். உக்காரு என்று கத்தியைக் கையில் கொடுத்தேன். தாய்மாமனை இலை நறுக்க வைத்த வீடு நம்முடையதாகத்தான் இருக்கும்.

20-3-57

பதினொரு மணி இலை தவறியது. நான்தான். தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். மற்றவர் தவறினால் எழுதுகிறேன், என்னுடையதையும் எழுதுகிறேன்.

21-3-57 வியாழன்

ஜோதி ஜன்னல் வழியே கூப்பிட்டாள். யாராவது புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டுமாம். அவள் தொட்ட புத்தகத்தை வாங்கக் கூடாது. திம்மராயன் மாரம்மா பேரனிடமிருந்து வேறு ஒன்று வாங்கி வந்தான். வாசிக்க யாருக்கும் கை ஒழியவில்லை. இலை நறுக்கி முடித்திருந்த கோவிந்தப்பன்தான் ஜன்னலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தான்.

அவன் கேட்கக் கேட்க உள்ளேயிருந்து பதில் வந்தது. அணை, ஆறு, ராஜாக்கள், வட்டிக் கணக்கு. ஒரு இடத்தில் அவன், “தப்பு” என்றான். “இல்லீங்க மாமா, பின்பக்கம் விடை இருக்குது பாருங்க,” என்றாள். புரட்டிப் பார்த்தான். அடுத்த கேள்விக்குப் போனான்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். “பதினொண்ணாம் நாள் ஞாயிறு. அன்னைக்குத் தண்ணி ஊத்திடலாம்.”

“பொண்ணு படிக்குது, நான் இல்லேங்கல. ஆனா பதினாறுன்னா பதினாறு அத்தை. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?”

கிருஷ்ணப்பன் வழக்கம்போல் தட்டைப் பார்த்தான். நான் வாயைத் திறக்குமுன் பூவம்மாள் சொன்னாள். குரல் கூட உயரவில்லை.

“அண்ணா, பதினொண்ணு. சீரை ஞாயித்துக்கெழம கொண்டாந்துடு.”

“நீயா சொல்றே?”

“நான் பெத்தவ. நான் பதில் சொல்லிக்கறேன். இன்னும் கொஞ்சம் களி வெக்கட்டுமா?”

அவன் வைக்கச் சொன்னான். அவ்வளவுதான், முடிந்தது.

ஒன்பது மாதமாகச் சுவரில் எழுதினேன். பூவம்மாளை ஒரு தடவை கேட்டதில்லை, உனக்கு எது சரிப்படும் என்று. கரி என் கையில் இருந்தது, அதனால்.

24-3-57 ஞாயிறு

தண்ணீர் ஊற்றியாயிற்று. கோவிந்தப்பன் மஞ்சள் பட்டு கொண்டுவந்தான், குறை சொல்ல முடியாது. குச்சைப் பிரித்து எரித்தோம். ஜன்னலும் சேர்ந்து எரிந்தது. ஜோதி அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

25-3-57

எட்டு மணி பஸ். கோவிந்தப்பனுக்கு எதிர்ப்பக்க பஸ். அவன் அதில் ஏறவில்லை, ஓசூர் பஸ்ஸில் ஜோதியோடு ஏறிவிட்டான். “தனியா எப்படி விடறது” என்றான். அவள் பையையும் அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

30-3-57

புழு கூடு கட்டிவிட்டது. ஒரு தட்டுக் கூடு மட்டும் மெலிசு. என் தூக்கம்.

ஜோதி கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். நானும் கேட்கவில்லை. நாலு தடவை கேட்கப் போய்த் திரும்பினேன்.

3-6-57 திங்கள்

தீர்த்தகிரி வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தேறிவிட்டாள். கணக்கில் அறுபத்தொன்று.

கிருஷ்ணப்பன் மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு, “பஸ்ஸு எட்டு மணின்னா ஏழுக்கே களி ஆகணுமே” என்றான். சந்தோஷத்தை அவன் வேறு எப்படிச் சொல்லுவான்?

இந்தத் தடவை பட்டியலை நானும் பூவம்மாளும் சேர்ந்து எழுதினோம். அவள் சொல்ல, நான் எழுத. தனக்குச் சாயங்காலம் ஆறு மணியை ஒன்றும் எழுதாமல் விடச் சொன்னாள். எதுக்கு என்றேன். “சும்மா உக்கார” என்றாள். அப்படியே எழுதினேன்: ஆறு, சும்மா, பூவம்மாள்.

9-6-57 ஞாயிறு

கோவிந்தப்பன் வந்தான். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில். தை மாதம் பரிசம் போட்டு வைத்துவிடலாம் என்றான். குரல் மட்டும் முன் மாதிரி இல்லை.

நான் அவனைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.

“நீயே வாசிச்சுப் பாரு கோவிந்தப்பா. இதுல எந்த நேரம் காலியா இருக்குதுன்னு சொல்லு.”

நின்று வாசித்தான். வாத்தியார் வாசித்த மாதிரியே மேலிருந்து கீழே. ஜோதி வரியில் அவன் விரல் நின்றது. எட்டு, பஸ். ஆறு, வீடு. ஏழிலிருந்து ஒன்பது, படிப்பு. மூணு வருஷம் என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தேன்.

“ஒன்பது மணி இலைக்கு ஆள் பேரே இல்லையே அத்தை,” என்றான்.

“இல்லை. நீ வர்றியா?”

அவன் சிரித்துவிட்டான். பூவம்மாளும். தட்டில் இருந்த பழத்தைத் திம்மராயன் அதற்குள் உரித்துவிட்டிருந்தான்.

10-6-57

ஒன்பது மணி இலைக்கு என் பேரை எழுதினேன்.

பஸ் எட்டு பத்துக்குத்தான் வந்தது. ஜோதி எட்டுக்கே நின்றாள்.