கதவுக்கு வெளியே காப்பி

மிசிசிப்பி,
வியாழக்கிழமை

அன்பு மகன் டெரலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் வரவில்லை. பயமாக இருக்கிறது, ராசா. இதை வக்கீலம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் சிறையில் பிரித்துப் படிப்பார்களாம். வக்கீல் கொண்டுவருவதைப் படிக்கக் கூடாதாம்.

தீவனக் கடைக்குத் தீ வைத்தது நீதான் என்று உன்னைப் பிடித்துப் போனதிலிருந்து தேவாலயத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. உன் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி வைத்திருக்கிறேன். கூரை மறுபடியும் ஒழுகுகிறது.

நேற்று கொட்டுகிற மழையில் ஷெரிஃபின் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் ஹாலிஸ், ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்தவன். "ஒரு நிமிஷம் உள்ள வந்து பாத்துட்டுப் போயிடுறோம், டீச்சரம்மா" என்றான். வந்தவர்களை மழையில் நிற்க வைத்த வீடா இது? "வாங்க" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லே போதுமாம், வீட்டைக் குடைந்து தேட. வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நீதிபதி கையெழுத்திட்ட ஆணை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் வாசலிலேயே நில் என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. காப்பி போட்டு, வலைக்கதவைக் கை நுழையும் அளவுக்குத் திறந்து நீட்டினேன். காப்பி சிந்தி விரலெல்லாம் சூடு பட்டுவிட்டது. "காப்பி குடுக்குறீங்க, கதவைத் தொறக்க மாட்டேங்குறீங்களே!" என்று ஹாலிஸ் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. நாளைக்கு ஆணையோடு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று ஆணையோடு வந்தால் திறந்துதான் ஆக வேண்டும்.

உன் தம்பி கர்ட்டிஸ் அத்தனை நேரமும் அறையைவிட்டு வரவில்லை. நீ போனதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. மீன் பொரித்து வைத்தால் நாய்க்குப் போடுகிறான். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சின்ன வயதில் அவன் உடைத்த தேவாலயக் கண்ணாடிக்கு "நாந்தான் ஒடச்சேன்" என்று நீ போய் நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்று உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன், எவ்வளவு பெருமையாக இருந்தது! இப்போது அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தனக்கு எதிராகத் தானே பேச யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இந்த நாட்டின் அரசியல் சாசனமே சொல்கிறதாம். குற்றத்தை, ஜூரியாக உட்காரும் ஊர்க்காரர் பன்னிரண்டு பேர் முன்னால் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டுமாம். போலீஸ்காரர்கள் தூங்கவிடாமல் கேட்பார்கள். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்பா" என்று தேனாகப் பேசுவார்கள். "என் வக்கீலக் கூப்பிடுங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசாதே.

உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்றே வளர்த்தவள் நான். இன்று வாயைத் திறக்காதே என்று கெஞ்சுகிறேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள், டெரல். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைக் கொடு என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. நீயாகப் போய் உன்னைக் கொடுத்துவிடாதே, ராசா.

உன் அம்மா,
வெர்னிஸ்