அரை அடி பின்னால்

ஜூன் 3, செவ்வாய்

இன்று நாற்பத்திரண்டு பாட்டில் தண்ணீர். எல்லாம் குழாய்த் தண்ணீர், ஒன்று மட்டும் யாரோ வீட்டு மீன் தொட்டியிலிருந்து. "குடிக்கிறதுக்கு இல்ல, மீன் ஏன் சோகமா இருக்குன்னு தெரியணும்" என்றாராம் கொண்டுவந்தவர். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் முன் மேசையில் பாட்டில்களை வாங்கி வைப்பவள் இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் இந்த நோட்டில் ரேடியோ என்று எழுதுகிறேன். நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் எப்படியுமே கூப்பிட்டதில்லை. பக்கத்தில் போய் நிற்பேன், அவளே ஆரம்பித்துவிடுவாள்.

மத்தியானம் கேட்டாள், "போன ஓட்டப் பந்தயத்துல உன் டைம் என்ன?"

பத்து கிலோமீட்டர், ஒரு மணி ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அதற்கு முந்தைய தடவையும் கிட்டத்தட்ட அதேதான்.

"ஜூலை இருபது அடுத்த பந்தயம். ஒரு மணி நேரத்துக்குள்ள உன்னைக் கொண்டுவர்றது என் பொறுப்பு. அன்னிக்கு என் டைமை நான் பார்க்கப்போறதில்ல. ஐம்பத்தெட்டுல ஓடி என்னத்தைக் கிழிச்சேன்?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் பயிற்சி. கால்வாய்ச் சாலை, ஆறு கிலோமீட்டர், முப்பத்தேழு நிமிடம். ரேடியோ தன் அண்ணி, அண்ணியின் பல்வலி, பல் டாக்டரின் விக் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் பதினோரு தடவை 'ம்' சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

காலையில் ஷூ மாட்டும்போது அம்மா சலவைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "யாருடி உன்னைத் துரத்துறா?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் என்னத்துக்கு ஓடுறே? படிச்சு முடிச்சா ஒரு இடத்துல உக்காருவேன்னு பார்த்தேன்."

டி.வி.க்கு மேலே சட்டம் போட்ட என் பட்டத்தைத் தினமும் துணியால் துடைப்பவள் இவள். அதன் பக்கத்தில் மாட்ட எங்கள் வீட்டில் இன்னொரு பட்டம் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

முப்பத்தேழரை. குறைய வேண்டியது கூடுகிறது. நாலாவது கிலோமீட்டரில் ரேடியோவே மெதுவாகிவிட்டாள். அண்ணி ஊருக்குப் போய்விட்டதால் வீட்டு வேலை அதிகமாம். பாவம், அலுப்பாக இருந்திருக்கும். அவள் மனசு நோகக் கூடாது என்று நானும் குறைத்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

மறுபடியும் அதே. திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்த உடனே வேகம் குறைகிறது. ஒருவேளை அவளுக்குக் கழுத்து வலியோ?

எனக்கு ஒரு வழக்கம் உண்டு என்று இன்றுதான் கவனித்தேன். யாரோடு போனாலும் அரை அடி பின்னால்தான் போவேன். கல்லூரி முதல் நாள் எந்த வரிசையில் நிற்பது, எந்த ஜன்னலில் படிவம் கொடுப்பது என்று சொல்லி அனுப்ப வீட்டில் யாரும் இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த வாசல்வரைதான் தெரியும். அதனால் விஷயம் தெரிந்தவள் மாதிரி நடக்கிற ஒருத்தியைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவளுக்கு அரை அடி பின்னால் போனேன். நூலகம், ஆய்வகம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரு தடவை அவள் கழிப்பறைக்குள் போய்விட்டாள். அதற்கும் பின்னாலேயே போய் நின்றேன்.

ஜூலை 5, சனி

ரேடியோவுக்கு ஜலதோஷம். தனியாக ஓடினேன். ஆறு கிலோமீட்டர், முப்பத்து நாலு நிமிடம் பத்து வினாடி.

கடிகாரம் கெட்டுவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. சாலையில் கிலோமீட்டர் கல்லைத் தப்பாக நட்டிருப்பார்கள்.

அப்படி இல்லையென்றால்? ரேடியோவிடம் சொல்லலாமா? 'உன்னாலதான் எனக்கு லேட் ஆகுது' என்கிற மாதிரி ஆகிவிடாதா? தன் பந்தயத்தையே எனக்காக விட்டுக்கொடுத்தவளிடம் போய்... வேண்டாம்.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "இருபதாம் தேதி எங்க வந்து நிக்கணும்?" என்றார்.

இதுவரை என் எந்தப் பந்தயத்துக்கும் அவர் வந்ததே இல்லை. இப்போது அவர் பெயின்ட் அடிக்கிற அலுவலகக் கட்டடம், பந்தயம் முடியும் மைதானத்துக்கு எதிரே இருக்கிறதாம். அலுவலகம் மூடியிருக்கும் ஞாயிறன்றுதான் உள்ளே வேலை. "ஆறு மணிக்கு ஆரம்பிக்குதுன்னா ஏழு வரைக்கும் நிப்பேன். ஏழுக்கு மேஸ்திரி கதவைச் சாத்திருவான். அப்புறம் சாயங்காலம்தான் வெளிய விடுவான்."

ஏழு மணி. அதாவது சரியாக ஒரு மணி நேரம். எனக்கு இப்போது ரெண்டு கடிகாரம்.

ஜூலை 19, சனி

ரேடியோ என் இடது கையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆக வேண்டிய நேரத்தை எழுதிவிட்டாள். பாட்டில்மேல் எண் போடுகிற பேனா, தண்ணீரில் அழியாது.

"கையெல்லாம் பல்லி ஊருற மாதிரி இருக்கு" என்றேன்.

"அட, பேசுறே!" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

வரிசையாகச் சொல்ல வேண்டும்.

ஆறு மணிக்குத் துப்பாக்கி. அஞ்சாவது கிலோமீட்டரில் கையில் இருப்பது முப்பது, கடிகாரத்தில் முப்பது இருபது. ஆறாவதில் முப்பத்தாறு இருபத்தஞ்சு. இருபத்தஞ்சு வினாடி பின்னால். ரேடியோ திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் வர்றே, அவசரப்படாத" என்று வேகத்தைக் குறைத்தாள். என் காலும் தானாகக் குறைந்தது.

அப்போதுதான், கலங்கல் அடியில் தங்கியதும் பாட்டில் தெளிகிற மாதிரி, தெரிந்தது. நான் பின்னால் வருவதைப் பார்த்து, என்னால் முடியவில்லை என்று அவள் குறைக்கிறாள். அவள் குறைப்பதைப் பார்த்து நானும் குறைக்கிறேன். ஒருத்திக்கொருத்தி மரியாதை கொடுத்தே அந்த மைதானத்துக்கு எட்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்போம்.

"மெதுவாக்காத!" சத்தமாகவே வந்துவிட்டது. "நான் முடியாம பின்னாடி வரல. எனக்குப் பின்னாடி வந்துதான் பழக்கம்."

"அடிப்பாவி! ஆறு வாரமாவா?"

"ம்."

"ஏன்டி சொல்லல?"

"நீ பேசிட்டு இருந்தே."

"முன்னாடி வாடி" என்றாள்.

அரை அடிதான். அதை எடுத்து வைக்க எவ்வளவு நேரமாகிவிடும்! வைத்தேன். முன்னால் யார் முதுகும் இல்லை, வெறும் சாலை. ஏழாவது நாற்பத்திரண்டு பதினஞ்சு. எட்டாவது நாற்பத்தேழு ஐம்பத்தஞ்சு. கையில் இருந்த எண்ணைத் தாண்டிவிட்டோம்.

எட்டரை கிலோமீட்டரில் ரேடியோ நின்றுபோனது. ஆள் ஓடுகிறாள், பேச்சு நின்றுவிட்டது. நெஞ்சு விசில் அடிக்கிறது. போன வாரம்தான் ஜலதோஷம் விட்டது. "நீ போ" என்று கையைக் காட்டினாள். எப்படிப் போவது? யாராவது பேச வேண்டும். பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"அந்த மீன் தொட்டித் தண்ணி ஞாபகம் இருக்கா? நான்தான் பார்த்தேன். தண்ணியில ஒரு குறையும் இல்ல. மீன் சோகமாவே இல்ல. அதோட மூஞ்சியே அப்படி."

"சிரிக்க வைக்காதடி... செத்துருவேன்..."

"அப்புறம் சாகலாம். வா ரேடியோ!"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் கண்ணை உருட்டினாள், ஆனால் வந்தாள்.

கடைசி வளைவு. பெரிய கடிகாரம். கம்பி வேலி ஓரம் பெயின்ட் தெறித்த சட்டை. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

59:08. ரேடியோ ஒரு வினாடி பின்னால்.

அப்பா வேலிக்குள் கையை விட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "ஏழாக இன்னும் நேரமிருக்கு, மெதுவா குடி" என்றார். பாட்டிலை விடாமல் அவரும் பிடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேஸ்திரி கத்துவது கேட்டது. நான் ரெண்டு மிடறு குடித்த பிறகுதான் ஓடினார். அப்பா ஓடி இன்றுதான் பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகவே ஓடுகிறார்.

புல்லில் மல்லாந்து கிடந்தவள் மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாருடி ரேடியோ?"

ஜூலை 21, திங்கள்

நேற்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "இவளுக்குப் பின்னால ஒரு பொண்ணு மூச்சு வாங்கிட்டே வந்துச்சு. பாவம், இவகிட்ட ஓடக் கத்துக்குது போல."

முன் மேசையில் போய் இதைச் சொன்னேன். நானாகப் போய். ரேடியோ சிரித்த சிரிப்பில் ஒரு பாட்டில் சாய்ந்து, ஈர லேபிளை நான் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

ஜூலை 24, வியாழன்

கால்வாய்ச் சாலை, தோளுக்குத் தோள். கையில் எண்கள் இன்னும் அழியவில்லை. எனக்கு நேற்று ஒரு கனவு. அதில் ஆரம்பித்து, அம்மா, மேஸ்திரி, கழிப்பறைக்குப் பின்தொடர்ந்த கதை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஆறாவது கிலோமீட்டர் கல் வந்துவிட்டது.

ரேடியோ ஒன்பது தடவை 'ம்' சொன்னாள்.