பாதிப் பாங்கு

2010 ஜூலை, வெள்ளி இரவு

இன்று எனக்கு மூத்தவள் ராத்தாவுக்கு ஆண் பிள்ளை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. பிள்ளை முதன்முதலில் கேட்க வேண்டிய தொழுகை அழைப்பு, அந்தப் பாங்கை எங்கள் வாப்பா அதன் காதில் சொல்வதை வீடியோ எடுத்து அனுப்பத்தான் கட்டாரில் வேலை செய்யும் ராத்தாவின் மாப்பிள்ளை, மச்சான், இந்தப் போனையே வாங்கி அனுப்பினார். "எல்லாம் உள்ளுக்கே போட்டு வருது, நீ ஒண்டும் செய்யத் தேவல்ல" என்றார்.

பாதிப் பாங்கில் வீடியோ நின்றது. போனில் இடமில்லையாம். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். வாப்பா முறைத்தார். "பாங்கு என்ன மைக் டெஸ்டிங்கா மகன்? பிள்ளைக்குக் கேட்டிட்டு, அது போதும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து போனைக் குடைந்தேன். கார் ஓட்டும் விளையாட்டு, சீட்டாட்டம், லண்டன் மழை நிலவரம். நான் கேட்டேனா இதையெல்லாம்? ஒன்றையும் அழிக்க முடியாதாம். நான் எடுத்த படங்களை மட்டும் அழிக்கவா, அழிக்கவா என்று கேட்கிறது. சனியன்.

சற்று முன் மச்சான் கோல் எடுத்தார். "அனுப்பினியா?"

"நெட் வேலை செய்யல்ல மச்சான், நாளைக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? எல்லாம் உள்ளுக்கே போட்டு வந்த போனில் அவர் பிள்ளைக்குத்தான் இடமில்லை.