தாத்தா வேட்டியில் ஏறிய நிறம்

மண்ணரை,
திருப்பூர்.
ஆடி கடைசி வாரம், 2006

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் லூதியானாவில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், மிச்சத்தைப் படித்துவிட்டு அது சரியா என்று நீயே சொல். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். போன் அம்மா கட்டிலை ஒட்டி இருக்கிறது, நான் ஹலோ சொல்வதற்குள் பிடுங்கிக்கொள்கிறாள். அவளுக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. வளைகாப்பு போட்டு உன்னைக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, சுக்கும் கருப்பட்டியும் வாங்கி டப்பாவில் போட்டாகிவிட்டது, என் பழைய வேட்டிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பிள்ளைத்துணி ஆக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கட்ட ஒன்றாவது மிச்சம் வைப்பாளா என்று தெரியவில்லை.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. சாயப்பட்டறை லேப்பில் நிறம் சேர்க்கிற வேலையை விட்டுவிட்டு நான் பழைய போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் புதுசாக்க உட்கார்ந்தபோது நீ எப்படிச் சிரித்தாய். இப்போது கிழிந்த முகம், கரையான் தின்ற கை, மடித்து வைத்து வெடித்துப்போன கல்யாணக் கோலம் எல்லாம் என் மேஜைக்குத்தான் வருகின்றன. கிழிசலை ஒட்டுவது பெரிதில்லை, நிறத்தை நேராக்குவதுதான் பாடு. அதற்கு நான் முதலில் படத்தில் வேட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். இதுதான் வெள்ளை என்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டால் மற்ற நிறங்கள் பாதி தானாக வழிக்கு வந்துவிடும். பழைய கலர்ப் படம் கெட்டால் பெரும்பாலும் செக்கச்செவேல் என்று போகும், அதை எடுத்துவிடலாம். ஆனால் வாய்க்கால் வீதி மருதம்மாள், நம் சொந்த ஊர்ப்பக்கத்துக்காரி, இறந்துபோன வீட்டுக்காரர் படத்தைக் கொண்டுவந்தாள். கீழ் ஓரத்திலிருந்து முழங்கால் வரை வேட்டி நீலமும் பச்சையுமாகக் கிடந்தது. எப்படி ஆனது என்று கேட்டேன். வெள்ளிக்கெழமதோறும் ஈரத்துணி வச்சித் தொடச்சிச் சந்தனம் வைக்கேன், அதான் எறங்கிட்டோ என்னமோ என்றாள். சந்தனம் என்றைக்கு நீலமாக இறங்கியது? அவள் வாசலில் நின்றுகொண்டு, மருமவளுக்கு இந்தத் தடவையும் தங்கலண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கறையை எடுத்து வேட்டியை வெளுப்பாக்கிக் கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிப்போனாள்.

பிறகு அதே வீதியிலிருந்து இன்னும் சில படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கறை கீழிருந்து மேலே. லேப் புத்தி போகுமா, ஒவ்வொன்றிலும் சட்டத்துக்குள் மறைகிற ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கி அட்டையில் வரிசையாக ஒட்டினேன். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் வெயிலில் வேறாகிவிடும் என்பதால் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெயிலிலும் ஒன்றாகவே நின்றன. டர்க்காய்ஸ், தாயி, நீலமும் பச்சையும் கலந்த சாயம். எத்தனையோ வருஷம் என் கையாலேயே கலக்கிய நிறம், நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். அந்த வீதியில் துணி நனைப்பது போர்வெல் தண்ணீரில், அதை டம்ளரில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. துடைக்கிற துணியிலிருந்து கண்ணாடிக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்ததைப் படம் குடித்துக் குடித்துச் சேர்த்து வைத்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அந்த வீதிக்குச் சமையலும் குடிப்பும் இதே போர்தான்.

நம் வீடு மேட்டில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல் தாத்தா படத்தை இறக்கிச் சட்டத்தைக் கழற்றினேன். உன் கல்யாணத்துக்கு என்று நானே சரிசெய்து, கோயமுத்தூருக்கு அனுப்பிப் பிரிண்ட் போட்டு மாட்டிய படம் அது. அந்த வேட்டியின் வெள்ளை நான் வைத்த வெள்ளை. அதன் கீழ் ஓரத்தில் விரல் அகலத்துக்கு அந்த நிறம் ஏறியிருந்தது. அம்மாவும் நம் வீட்டுப் போர் தண்ணீரில் நனைத்த துணியால்தான் அதைத் துடைக்கிறாள். அம்மாவிடம் காட்டினேன். இதத்தான குடிக்கோம், செத்தா போனோம் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் உள்ளங்கைத் தோல் உரிந்து கிடக்கிறது, கேட்டால் சோப்பு சேரவில்லை என்கிறாள்.

நம் வீட்டுக்கும் கடைக்கும் சொந்தக்காரர் பொங்கியண்ணன் உனக்குத் தெரியும். வாய்க்காலின் மேல்பக்கம் அவர் தங்கை மகன் சாயப்பட்டறை போட்டிருக்கிறான், அதன் கழிவுத் தண்ணீர் வாய்க்காலில்தான் இறங்குகிறது. நான் அட்டையை வைத்துக்கொண்டு நாலு பேரிடம் பேசியது அவர் காதுக்கு எட்டி, நேற்று கடைக்கு வந்து உட்கார்ந்தார். அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறைய எடுக்கறது உங்க வேலைங்க சீனிச்சாமி, அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறது உங்க வேலை இல்லீங்க என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, ஏனுங்க, புள்ள பேறுகாலத்துக்கு இங்க வருதாமாங்க, நல்லபடியா நடக்கோணுங்க என்றார். அட்டையைத் திருப்பித் தரவில்லை. அவர் சொன்னது வாழ்த்துத்தானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படத்தில் ஏறுவது உடம்பில் என்ன செய்யும் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். ஆனால் அந்த இருக்கலாம் என்பதை நம்பி உன்னை இங்கே கூப்பிட என்னால் முடியாது. நீ வராதே அம்மா. பெற்ற மகளைத் தாய்வீட்டுக்கு வராதே என்று எழுதுகிற கை விளங்குமா என்று இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டாக்டர் ரயிலேறக் கூடாது என்றுவிட்டார் என்று அம்மாவிடம் சொல், பழி அந்த டாக்டர் மேல் போகட்டும். அவள் அழுவாள், நீ இளகிவிடாதே. அழுகிற சாக்கிலேயே அவளை அங்கே ரயிலேற்றி விடுகிறேன், பிரசவம் முடிந்தும் கொஞ்சநாள் உன்னோடேயே வைத்துக்கொள். நான் வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் எந்தப் பக்கம் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை கொடியில் பிள்ளைத்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பளிச்சென்று இருந்தன, நீலம் போட்டு அலசிய வெளுப்பு. நீலம் கொஞ்சம் தூக்கல் போலிருக்கிறதே என்று அம்மாவிடம் கேட்டேன். என்னங்க, கூறு இருக்கா உங்களுக்கு, பச்சப்புள்ளத் துணிக்கு எவளாச்சும் நீலம் போடுவாளா என்று திட்டினாள்.

அவசரத்துக்கு அங்கேயும் கொஞ்சம் இருக்கட்டும் என்று, காய்ந்ததும் அந்தத் துணிகளை உனக்குப் பார்சல் கட்டிவிட்டாள். வந்தால் பிரிக்காதே, பிள்ளைக்குப் போடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராகப் பிரிந்து நீண்டகாலம் வாழ வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன்னைப் பார்க்க ஏங்கும் அப்பா,
வே. சீனிச்சாமி