கட்டுச்சோற்றுக்கு அப்பா வரட்டும்

எலப்புள்ளி
19-2-1975

அன்பு மகள் வசந்தாமணிக்கு,

அம்மா எழுதுவது. பழனியாண்டவன் அருளால் நீயும் மாப்பிள்ளையும் பிலாயில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வயலில் கதிர் வாங்கியிருக்கிறது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. கிணறு தூர் வாருகிறோம் என்று சொல்லித் தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூப்பிடாத வீடு எங்காவது உண்டா என்று கேட்டிருந்தாய். அழுதுகொண்டே எழுதினாய் போலிருக்கிறது, இரண்டு இடத்தில் மை ஊறியிருக்கிறது. கண்ணு, கிணற்றில் யாரும் இறங்கவில்லை. போன கடிதம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. அவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

ஒரு தகப்பனைப் பற்றி மகளுக்கு எழுதக் கூடாத சங்கதி என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நீ கர்ப்பிணி. உடம்பைப் பற்றிப் பேசக் கூசக்கூடாத நிலையில் இருக்கிறாய். அதனால் நேராகவே எழுதுகிறேன். அப்பாவுக்கு மூத்திரம் தானாகப் போவதில்லை.

போன வருஷம் வெயில் காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். வைக்கோல் போருக்குப் பின்னால் போனால் வெகுநேரம் நின்றுவிட்டு வருவார். கேட்டால் எரிந்து விழுவார். குப்பண்ணன் சித்தப்பா உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிட்டார். நம் ஆட்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் சூடுதான். ஐப்பசியில் வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு இரண்டு பேரும் போனார்கள். போகும் முன் ஒரு செம்பு நெருஞ்சில் கஷாயம், சந்தையில் இளநீர், திரும்பும் வழியில் இளங்கள். "சூட்டை அடிச்சு வெளிய தள்ளிப்போடுமுங்கண்ணா" என்று சித்தப்பா ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெளியே போக வழியில்லை. வீட்டுக்கு வண்டியில் வந்து சேர்ந்தபோது அடிவயிறு குடம் போலப் புடைத்திருந்தது. அப்பா கத்துகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்று நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

பாலக்காட்டில் சர்ஜன் ரப்பர் குழாய் விட்டு எடுத்தார். அடைத்த வாய்க்காலில் மடையைத் திறந்து விட்ட மாதிரி செய்திருக்கிறீர்களே என்று சித்தப்பாவைத் திட்டினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். மூத்திரப்பையின் வாயில் ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம், புராஸ்டேட் என்று பெயர். வயதானால் சிலருக்கு அது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்து வழியை நெருக்கிவிடுகிறதாம். புற்று ஏதுமில்லை, பயப்பட வேண்டாம், ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார். அதுவரைக்கும் குழாய் உள்ளேயே இருக்கட்டும் என்று, பாட்டிலோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்.

வேட்டிக்குள் குழாயும் கையில் பாட்டிலுமாக அப்பா எத்தனை நாள் இருப்பார்? எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்ததும் மறுபடி அடைத்தது. கம்பவுண்டர் ஏசுதாஸ் வந்து அவ்வப்போது குழாய் விட்டுப் போனார். அவர் சைக்கிள் நம் வாசலில் நிற்பதைப் பார்த்து இரண்டு பேர் விசாரித்தார்கள். அன்றோடு அவர் வருவதும் நின்றது. "நீயே படிச்சுக்க" என்றார் அப்பா. படித்துக்கொண்டேன்.

காலை, மதியம், அந்தி, படுக்கும் முன். குழாயைக் கொதிக்க வைத்து, கையை டெட்டால் போட்டுக் கழுவி, எண்ணெய் தொட்டு விட வேண்டும். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிந்ததும் அவர் தோட்டத்துக்குப் போவார், நான் பாத்திரத்தைக் கழுவுவேன். அடுத்த வேளைக்குள் நான் வீட்டில் இருந்தாக வேண்டும். பொள்ளாச்சியில் பெரியம்மா பேத்தி கல்யாணத்தில் தாலி கட்டினதும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன். மரியாதை போதவில்லை என்று நான் கோபித்துக்கொண்டதாக அங்கே பேச்சாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ வந்தால் உன்னைப் பார்க்க ஊரே வரும், அடுப்பில் கொதிப்பது என்ன என்று கேட்கும். அதனால்தான் உன்னை வரவேண்டாம் என்றார். உன் மேல் பிரியமில்லாமல் இல்லை. நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடிக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கு நான் இல்லாவிட்டால் ஆகாது என்று ஒரு காரியம் இருந்ததில்லை. கோயமுத்தூரில் பி.ஏ. படித்துவிட்டு வந்தவள் இந்த வீட்டில் கடிதம் எழுதவும் பால் சொசைட்டிக் கணக்குப் பார்க்கவும்தான் தேவைப்பட்டேன். இப்போது வரப்பில் அவர் வேகமாக நடந்து வருவதைப் பார்த்தால், என்னைத் தேடி வருகிறார் என்று மனது ஒரு நிமிஷம் நிறைந்துவிடுகிறது. அதை நினைத்துப் பிறகு பயந்து போகிறேன். இப்படியே பழகிவிடக் கூடாது.

தை மாதம் அப்பாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. கட்டிலே ஆடியது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் வீட்டில் அடிக்கடி குழாய் விட்டால் கிருமி ஏறத்தான் செய்யும் என்றார் சர்ஜன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மூத்திரத்தில் போக வேண்டிய யூரியா ரத்தத்தில் ஏறியிருக்கிறது. மூத்திரம் தேங்கி அழுத்தம் கூடிக் கிட்னி இரண்டும் வீங்கியிருக்கிறதாம். இப்போதே வந்து படுத்தால் குழாயை உள்ளேயே வைத்து யூரியாவை இறக்கிவிட்டு ஆபரேஷன் செய்யலாம், கிட்னியும் தேறும், ஒரு மாதத்தில் நடமாடலாம். கோடை வரை தள்ளினால் சுரப்பியை எடுத்தும் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்பா மாட்டேன் என்கிறார். ஆபரேஷனுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்களைக் கேட்டால் எதற்கு என்பார்கள். அதோடு மாட்டுத் தரகர் சென்னியப்பன் யாரைப் பற்றியோ சந்தையில் சொன்னாராம், அந்த ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவன் மூத்திரம் ஒழுகி வேட்டிக்கு மேல் வேட்டி கட்டித் திரிகிறான் என்று. எல்லாரும் சிரித்தார்களாம், அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். கொஞ்ச நாள் அப்படி இருந்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று சர்ஜன் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். காதில் ஏறவில்லை. "ஊருக்குத் தெரிஞ்சா நான் சந்தையில எப்படித் தலைகாட்டறது, ராமாத்தா?" என்றார்.

"ஏனுங்க, உசுரு போனா மட்டும் ஊருக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து குழாய் விடும் நேரத்துக்கு மட்டும்தான் என் பக்கம் வருகிறார்.

நான் சொல்லி நடக்காது, சாமி. நீ கேட்டு அவர் மறுத்ததில்லை. பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பாதே என்று பங்காளிகள் எல்லாரும் சொன்னபோது, பெட்டியைத் தன் தலையில் வைத்துப் பஸ் ஏற்றினார். அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. நோயைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். சித்திரையில் ஏழாம் மாதம் பிறக்கிறது, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு அப்பாவே பிலாய்க்கு வந்து என்னை அழைத்துப் போக வேண்டும், சித்தப்பா வந்தால் நான் வரமாட்டேன் என்று எழுது. இரண்டு நாள் ரயில். நானும் அடுப்பும் குழாயும் கூட வர முடியாது என்று அவருக்குத் தெரியும். என்ன செய்து முடித்தால் அந்த ரயிலில் ஏற முடியும் என்பதும் தெரியும். கடிதத்தை நானே படித்துக் காட்டுவேன். குரல் நடுங்காமல் படிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

வரமாட்டேன் என்று பதில் எழுதச் சொன்னால், அந்தக் கடிதத்தை எழுத இந்தத் தடவை என் கை வராது.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீயும் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடி. அப்பாவோடு ரயிலில் வரும்போது, பெட்டியில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று கூச்சப்பட்டு மூத்திரத்தை அடக்கி வைக்காதே. எழுந்து போ, கண்ணு. யார் பார்த்தாலும் எழுந்து போ.

அன்புள்ள அம்மா,
ராமாத்தாள்