ஒரே பக்கம் வைத்த கதவு

ஜூன் 7, சனி

குச்சியில் வேர் வரவைக்கும் ரூட்டிங் பவுடர் டப்பாவை ஒருத்தர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமோ?" லிங்கராஜபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக நர்சரி வைத்திருக்கிறேன், யாரும் இப்படிக் கேட்டதில்லை. "வேர் இருக்கு சார். வரலைன்னா டப்பாவைத் திருப்பிக் கொடுங்க" என்றேன். சிரித்தார். பெயர் வைத்தீஸ்வரன், கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர், மல்லேஸ்வரம், மனைவி போய் ஆறு வருடம். இதையெல்லாம் அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். எதற்கு?

ஜூன் 11

மறுபடி வந்தார். மறுபடி அதே டப்பா. முதல் டப்பாவே அவர் பால்கனிக்கு இரண்டு வருடம் வரும். வியாபாரிக்கு இது தெரியாதா!

ஜூன் 14, சனி

மானம் போச்சு.

நடுகிற குச்சியின் அடியைச் சாய்வாக வெட்டணும், நுனியை நேராக வெட்டணும் — அப்போதுதான் எது மேல், எது கீழ் என்று குழப்பம் வராது. இது நான் போட்ட சட்டம். பதினைந்து வருடமாக என்னிடம் வேலை செய்யும் மங்களம் இதற்காக எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறாள்! இன்று அவர் பேசப் பேச நானே நாற்பது செம்பருத்திக் குச்சியை நட்டேன். அவர் கிளம்பியதும் மங்களம், "அக்கா, எல்லாம் தலைகீழா நிக்குது" என்றாள். முகத்தில் என்ன சந்தோஷம்!

அப்படி என்ன பேசினார்? செடியின் வளர்ச்சி ஹார்மோன் செல்லுக்குள் சுலபமாகப் புகுந்துவிடுமாம். உள்ளே போனதும் அதன் தன்மை மாறிவிடும், வந்த வழியே திரும்ப முடியாது. வெளியேறத் தனிக் கதவு வேண்டும். அந்தக் கதவுகள் செல்லின் கீழ்ப்பக்கமாகவே இருக்கும். அதனால் செல் செல்லாகக் கீழே இறங்கி, அடியில் சேர்ந்து, வேராகிறது. கதவுக்குப் பெயர் பின். "ஏடிஎம் பின் மாதிரி நாலு நம்பரா, ஆறு நம்பரா சார்?" என்றேன். நாற்காலி ஆடும்படி சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நாற்பதும் கவிழ்ந்தது.

ஜூன் 15

பிடுங்க வேண்டாம் என்றார் போனில். "நாம கவுத்தாலும் கதவு இடம் மாறாது, தாரணி மேடம். தன்னோட கீழ் எதுன்னு அதுக்குத் தெரியும். வேர் மேல வரும், பாருங்கோ."

ஐம்பது நிமிடம் பேசினோம். ஐம்பத்திரண்டு வயசுடி உனக்கு.

ஜூலை 1

நர்சரிக்குப் பட்டுப்புடவை. யாரும் எதுவும் கேட்கவில்லை. மங்களம் மட்டும் இருமினாள்.

ஜூலை 9

மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாராம். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஸ்னேஹா கூப்பிடுகிறாளாம், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகப்போகிறாராம். "நல்ல விஷயம் சார்" என்றேன்.

நல்ல விஷயமா? வாயில என்ன கொழுக்கட்டையா? எதையாவது பேரம் பேசாம விட்டிருக்கேனா இதுவரைக்கும்?

ஜூலை 12

வேர் வந்துவிட்டது! ஈரம் போகாமல் போட்டிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால், பதினோரு குச்சியில், மேல் முனையில், காற்றில் — வெள்ளையாக, நூல் மாதிரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தலை முட்டிக்கொண்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன், எனக்குச் சுற்றி வளைக்க வராது.

"கோயம்புத்தூர் பக்கம் உங்களுக்குக் கதவு இருக்கா சார்?"

மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"இல்லை, தாரணி. எல்லாம் லிங்கராஜபுரம் பக்கமாவே இருக்கு."

பெயரோடு வந்த 'மேடம்' போய்விட்டது!

ஜூலை 20

ஸ்னேஹா போன் செய்தாள். "அப்பா காபிக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கேப்பார் ஆன்ட்டி. போடாதீங்கோ" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் மல்லேஸ்வரத்திலிருந்து டெம்போவில் அவர் பால்கனித் தொட்டிகள் ஒன்பதும் வந்து இறங்கின. மங்களம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து, என்ன விலை போடட்டும் என்று கேட்டாள்.

"போடாத. இது வீட்டுக்கு."