தடுப்பு போட்டாச்சு

பெங்களூரு
3.2.2025

அன்புள்ள யமுனா,

போன் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, அதனால்தான் கடிதம். கண் எப்படி இருக்கிறது?

நம் சோதனை முடிந்தது. முதல் லேசர் துடிப்பு மூலக்கூறை உடைக்க, அடுத்தது படம் எடுத்தது. அயோடின் அணு பிரிந்து போவதைப் படிப்படியாகப் பார்த்துவிட்டோம். ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு, அவ்வளவு நேரம்தான். நீ இருந்திருந்தால் குதித்திருப்பாய்.

லேசர் உன் கண்ணில் பட்ட விபத்து பற்றி விசாரணைக் குழு கேட்கிறது. நீயாகப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினாய் என்று ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த மாதம் என் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

உன் சீனியர்,
பூபதி

திருப்புலி நாடு, கொல்லிமலை
11.2.2025

பூபதி அண்ணாவுக்கு,

இங்கே மிளகு பறிக்கிறோம். இடது கண்ணால் பார்த்தால் கொத்தின் நடுப்பகுதி மட்டும் இருக்காது. அது இனி சரியாகாதாம்.

கழற்றியது நான்தான். அதைப் போட்டுக்கொண்டால், நேர்ப்படுத்த வேண்டிய சின்ன லேசர் கதிரின் புள்ளியே தெரியாது, நீங்களும்தான் கழற்றுவீர்கள். ஆனால் அதற்கு முன்னால், "அண்ணா, பெரிய கதிருக்குத் தடுப்பு போட்டிருக்குங்களா?" என்று கேட்டேன். "போட்டாச்சு, நீ பாரு" என்றீர்கள். உங்கள் தாளில் அது இல்லையே?

இதில் கையெழுத்துப் போட்டால் என்னைத் திரும்ப லேசர் அறைக்குள் விடமாட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும் அண்ணா. ஒரு கண்ணை வைத்தாவது செய்வேன்.

கோபத்துடன்,
யமுனா

பெங்களூரு
19.2.2025

யமுனா,

நீ கேட்டபோது நான் கணினியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். தடுப்பு மேசையில் கிடந்தது.

இதை அப்படியே குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ஆய்வேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

மார்ச் எட்டாம் தேதி, மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்படியே பஸ் ஏறி மலைக்கு வந்து உன்னையும் அம்மாவையும் பார்க்கட்டுமா?

பூபதி

திருப்புலி நாடு
1.3.2025

பூபதி அண்ணாவுக்கு,

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பலாம் என்று குழுவிடமிருந்து தகவல் வந்தது. அம்மாவுக்குக்கூடச் சந்தோஷம். நன்றி சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. முதல் கடிதத்திலேயே நடந்ததை எழுதியிருக்கலாம் நீங்கள்.

கண் போன கதையை அம்மாவிடம் நேற்றுதான் முழுசாகச் சொன்னேன். "யாரு சாமி தடுப்பு போட்டாச்சுன்னு சொன்னது?" என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

எட்டாம் தேதி வராதீர்கள். வந்தால் அம்மா உட்காரவைத்துச் சோறு போடுவாள். யாரென்று தெரியாமல் அவள் பரிமாற, நீங்கள் சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

யமுனா